சொந்த மாநிலப் பெருமையைக் காட்டித் தேர்தல் நிதி திரட்ட முடியுமா?

கேள்வி இது: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், செனட் போன்ற ஃபெடரல் (மத்திய அரசு) பதவிக்குப் போட்டியிடும் ஒரு வேட்பாளருக்காகத் தன்னார்வலர்கள் சிலர் மாநில வினாடி வினா இரவு நடத்தி நிதி திரட்ட நினைக்கிறார்கள். 'எங்க மாநிலம்' என்ற பெருமைக்கு உண்மையில் பணம் வருமா? எப்படி நடத்துவது, எங்கே சறுக்கும்?

பணம் வரும். ஆனால் பெருமை பொத்தாம்பொதுவாக இருந்தால் வராது. 'கடின உழைப்பாளிகள் நிறைந்த நம் மாநிலம்' என்று ஐம்பது மாநிலத்துக்கும் பொருந்துகிற வரியை மின்னஞ்சலில் எழுதினால் யாரும் கடன் அட்டையை எடுக்க மாட்டார்கள். அங்கேயே வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன விஷயத்தைப் பிசகாமல் சொன்னால் எடுப்பார்கள். இந்தக் கலையில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இதற்குச் சரியான பாடம் பென்சில்வேனியாவிலேயே இருக்கிறது. 2022 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் ஃபெட்டர்மன். பிட்ஸ்பர்க் அருகே பிராடக் என்ற எஃகு ஆலை ஊரின் மேயராக இருந்தவர். அந்த ஊரின் அஞ்சல் குறியீடான 15104-ஐக் கையில் பச்சை குத்திக்கொண்டவர். எதிரே குடியரசுக் கட்சியின் மெஹ்மத் ஓஸ். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மருத்துவர், நெடுங்காலம் நியூ ஜெர்ஸியில் வாழ்ந்தவர். விலைவாசியைக் குறைசொல்ல ஒரு மளிகைக் கடையில் வீடியோ எடுத்தார். ப்ரோக்கோலி, அஸ்பாரகஸ், கேரட், தொட்டுக்கொள்ள குவாக்கமோலி, சல்சா என்று கையில் அடுக்கிக்கொண்டே போய், மனைவி 'க்ரூடிட்டே' (பச்சைக் காய்கறித் தட்டுக்கு மேல்தட்டுப் பிரெஞ்சுப் பெயர்) செய்யப்போவதாகச் சொன்னார். கடையின் பெயரை 'வெக்னர்ஸ்' என்றார். அப்படியொரு கடையே கிடையாது. பென்சில்வேனியாவில் வெக்மன்ஸ் உண்டு, ரெட்னர்ஸ் உண்டு. இரண்டும் அவர் வாயில் ஒன்றாகிவிட்டன.

ஏப்ரலில் எடுத்த அந்த வீடியோ ஆகஸ்ட்டில் பரவியது. 'பென்சில்வேனியாவில் இதை வெஜ்ஜி ட்ரே என்போம்' என்று ஃபெட்டர்மன் பதில் போட்டார். உடனே வெக்னர்ஸ் பெயரில் ஒரு ஸ்டிக்கர் அடித்து, நன்கொடை தருபவர்களுக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். 24 மணி நேரத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் வந்ததாகப் பிரச்சாரக் குழு சொன்னது. அதில் ஸ்டிக்கர் வழியாக வந்தது 65,000 டாலருக்கு மேல்.

அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதில் மாநிலக் கொடி இல்லை, மாநில வரைபடம் இல்லை, 'பெருமை' என்ற சொல்லே இல்லை. ஒரு கடையின் தவறான பெயரும், க்ரூடிட்டேயைக் கேலி செய்யும் ஒரு வரியும்தான். அந்தப் பெயர் தவறு என்பது வாராவாரம் அந்தக் கடைகளில் சாமான் வாங்குகிறவருக்குத் தெரியும். 'நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை' என்ற அந்த ஒரு நொடிதான் பணமாக மாறியது. ஸ்டிக்கர் அடிக்க ஆகும் செலவு அற்பம். வாங்குகிறவர் தரும் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் குழுவின் பட்டியலில் சேர்ந்துவிடும். அடுத்த முறை கேட்க ஆள் தயார்.

அதே கோடையில் நியூ ஜெர்ஸிக் கடற்கரைமேல் 'வீட்டுக்கு வருக' என்று ஓஸுக்கு வரவேற்புப் பதாகை கட்டிய விமானம் பறந்தது. அவரை நியூ ஜெர்ஸி ஹால் ஆஃப் ஃபேமில் (மாநிலத்தின் புகழாளர் பட்டியலில்) சேர்க்கச் சொல்லி மனு ஒன்றும் வந்தது. மனுவில் கையெழுத்திடக் காசு வேண்டாம், மின்னஞ்சல் முகவரி போதும். இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு வேலையை முதலில் கொடுத்து, முகவரியைப் பெற்று, பிறகு 5 டாலர் கேட்பது இந்தத் தொழிலின் அடிப்படை வரிசை. வரிசையை மாற்றி, முன்பின் தெரியாதவரிடம் முதல் மின்னஞ்சலிலேயே பணம் கேட்டால் 'ஸ்பேம்' என்று தள்ளிவிடுவார்கள். பிறகு உங்கள் மற்ற மின்னஞ்சல்களும் அந்தப் பெட்டிக்கே போகும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இப்படி வரும் பணத்தில் பெரும்பகுதி வெளிமாநிலத்திலிருந்தும் வரலாம், அவர்களுக்கு ஓட்டு இல்லை. 2020-இல் தென் கரோலினாவின் ஜேமி ஹாரிசன் ஒரே காலாண்டில் 5.7 கோடி டாலர் திரட்டினார். அதுவரை எந்த செனட் வேட்பாளரும் தொடாத தொகை. அவர் அந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனாலும் 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தில் சாரா கிடியன் 7 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். பதவியிலிருந்த செனட்டர் சூசன் காலின்ஸிடம் 8 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தோற்றபோது சுமார் 1.48 கோடி டாலர் செலவாகாமலே மிஞ்சியது. மெய்ன்காரர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைக் குறிக்க 'ஃப்ரம் அவே' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்த முத்திரை லேசில் போகாது. கிடியன் ரோட் ஐலண்டில் பிறந்தவர். காலின்ஸ் மெய்னின் வடகோடியில் கரிபூ என்ற ஊரில் பிறந்தவர். பணத்தை எண்ணி வைத்த இடத்தில் இதை யாரும் எண்ணவில்லை.

ஆகவே கணக்கைத் தனியாகப் பிரித்து வையுங்கள்: மாநிலத்துக்குள்ளிருந்து எத்தனை பேர், வெளியிலிருந்து எத்தனை பேர். தொகையைவிட உள்மாநில ஆட்களின் எண்ணிக்கைதான் உண்மையான அளவுகோல் என்பேன். வினாடி வினா இரவின் பலம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். அவருக்கு ஓட்டும் உண்டு, வீடு வீடாகப் போகக் காலும் உண்டு.

மாநிலப் பெருமை வெளி மாநிலத்திலும் வேலை செய்த நல்ல உதாரணம் ஜிம்மி கார்ட்டர். 1976 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவின் கடலை விவசாயி என்பதே அவர் அடையாளம். ஜார்ஜியாக்காரர்கள் 'பீனட் பிரிகேட்' என்று கிளம்பி, ஜனவரிக் குளிரில், முதல் உட்கட்சித் தேர்தல் நடக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்க் கதவு தட்டினார்கள். அப்போதைய நிதிச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். உட்கட்சித் தேர்தலுக்கு அரசின் ஈட்டு நிதி (திரட்டிய நன்கொடைக்கு இணையாக அரசு தரும் பணம்) வேண்டுமென்றால், குறைந்தது 20 மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் 5,000 டாலருக்கு மேல் திரட்டிக் காட்ட வேண்டும். ஒரு நபரின் நன்கொடையில் 250 டாலர் வரைதான் கணக்கில் சேரும். சொந்த மாநிலத்தில் மட்டும் செல்வாக்கு இருந்தால் இந்த வாசலைத் தாண்ட முடியாது. ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்து கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராக் கலைஞர்கள் கைகொடுத்தார்கள். 1975 நவம்பரில் ஆல்மன் பிரதர்ஸ் குழு ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸில் அவருக்காகக் கச்சேரி நடத்தியது. ஜார்ஜியாவின் இசை, ரோட் ஐலண்டின் டிக்கெட் பணம். சொந்த ஊரின் சரக்கை வெளியூரில் விற்று, சட்டத்தின் நிபந்தனையையும் நிறைவேற்றிய ஏற்பாடு அது.

இனி வினாக்கள். இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் மண்ணைக் கவ்வுகின்றன. மாநிலத் தகவல் என்றாலே பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். 'பென்சில்வேனியாவில் பிறந்த ஒரே அதிபர் யார்?' என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஜேம்ஸ் புக்கானன் என்பதே விடை. 2021-க்குப் பிறகு அது தவறு. ஜோ பைடன் ஸ்க்ரான்டனில் பிறந்தவர். கேள்வியையே தூக்கிப் போட வேண்டாம், 'இருவர் பெயரையும் சொல்க' என்று மாற்றுங்கள். புக்கானன் பெயர் ஞாபகம் வராமல் மேசை முழுக்கத் தலையைச் சொறியும். நல்ல கேள்வியின் அடையாளம் அதுதான்.

பிறந்த மாநிலமும் வாழ்ந்த மாநிலமும் குழம்புவது இன்னொரு கண்ணி. இல்லினாய் தன் வாகனப் பலகையில் லிங்கனின் பெயரைப் போடுகிறது. ஆனால் லிங்கன் பிறந்தது கென்டக்கியில். இல்லினாயில் பிறந்த ஒரே அதிபர் ரொனால்ட் ரீகன், ஊர் டாம்பிகோ. டெக்சாஸில் பிறந்தவர்கள் ஐசன்ஹோவரும் லிண்டன் ஜான்சனும். புஷ்கள் இருவரும் அங்கே பிறக்கவில்லை. அதிபர்களைப் பெற்ற மாநிலம் எது என்ற சண்டையில் வர்ஜீனியாவும் ஒஹையோவும் ஆளுக்கு எட்டுப் பேர் என்கின்றன. காரணம் வில்லியம் ஹென்றி ஹாரிசன்: வர்ஜீனியாவில் பிறந்து, ஒஹையோவிலிருந்து அதிபரானார், இரண்டு பக்கமும் அவரை எண்ணுகிறார்கள். பிறப்பை மட்டும் எண்ணினால் வர்ஜீனியா எட்டு, ஒஹையோ ஏழு. கேள்வித்தாளில் 'பிறந்த' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் கூடத்தில் வாக்குவாதம் வெடிக்கும். பத்து நிமிடம் போச்சு, உற்சாகமும் போச்சு.

'முதல்', 'மிகப் பெரிய', 'கண்டுபிடித்த' என்ற மூன்று சொற்களைக் கண்டால் இரண்டு தனித்தனி ஆதாரம் தேடுங்கள். வூப்பி பை என்ற பலகாரத்தை 2011-இல் மெய்ன் தன் அதிகாரபூர்வத் தின்பண்டமாக அறிவித்தது; பென்சில்வேனிய டச்சுச் சமூகத்தினரோ அது தங்களுடையது என்கிறார்கள். 'வூப்பி பை எங்கே பிறந்தது?' என்று கேட்காதீர்கள். 'எந்த மாநிலம் அதைச் சட்டப்படி தனதாக்கிக்கொண்டது?' என்று கேளுங்கள், விடை ஒன்றே ஒன்று. மாநில நாய், மாநிலப் பறவை போன்றவை சட்டத்தில் எழுதப்பட்டவை என்பதால் பாதுகாப்பானவை. பென்சில்வேனியாவின் மாநில நாய் கிரேட் டேன் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது.

மாநிலம் ஒன்றுதான், மனசு இரண்டு என்பதையும் மறக்காதீர்கள். கிழக்கே ஃபிலடெல்ஃபியா, மேற்கே பிட்ஸ்பர்க். ஃபிலடெல்ஃபியாவின் கால்பந்து அணியான ஈகிள்ஸ் பற்றி மூன்று கேள்வி வைத்து, பிட்ஸ்பர்க்கின் ஸ்டீலர்ஸ் பற்றி ஒன்றும் வைக்காவிட்டால், பாதி மாநிலம் உங்களுடன் இல்லை. குளிர்பானத்தை மேற்கே 'பாப்' என்றால் கிழக்கே 'சோடா' என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் 'நீங்கள்' என்பதற்கு 'யின்ஸ்', ரப்பர் பேண்டுக்கு 'கம்பேண்ட்'. இந்தச் சொற்களில் ஒரு சுற்று வைத்தால் கூடம் கலகலக்கும். ஆனால் கேள்வி கேட்பவருக்கு உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். லான்காஸ்டர் என்று நீட்டி வாசித்தால் வெளியூர்க்காரர் என்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். அங்கே அழுத்தம் முதல் அசையில், மீதி விழுங்கப்படும். நெவாடாவும் அப்படித்தான்: தமிழில் நாம் எழுதும் அந்த 'வா'தான் அம்மாநிலத்தாரை எரிச்சலூட்டும் உச்சரிப்பு, அவர்கள் அந்த அசையை ஆங்கில 'cat' என்ற சொல்லில் வரும் ஒலியோடு சொல்வார்கள். 2003-இல் அதிபர் பதவிக்கு முயன்ற ஜான் கெர்ரி ஃபிலடெல்ஃபியாவில் சீஸ்ஸ்டேக் என்ற உள்ளூர் இறைச்சி சாண்ட்விச்சுக்கு, அங்கே வழக்கமில்லாத ஸ்விஸ் சீஸ் கேட்டார். அடுத்த ஆண்டு விஸ்கான்சினின் புகழ்பெற்ற லாம்போ கால்பந்து மைதானத்தை 'லாம்பர்ட்' என்றார். இரண்டையும் இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

அச்சடிக்கும் பொருளிலும் இதே கவனம் வேண்டும். மிச்சிகன் வரைபடம் போட்ட டி-ஷர்ட்டில் கையுறை வடிவம் மட்டும் இருந்து மேலே உள்ள தீபகற்பம் விட்டுப்போனால் அப்பகுதி மக்கள் மன்னிக்க மாட்டார்கள். இண்டியானாக்காரரை 'ஹூசியர்' என்றே அழைக்க வேண்டும். ஹவாயில் வாழ்கிற எல்லோரையும் 'ஹவாயியன்' என்று எழுதக்கூடாது. அது பூர்வகுடியினரைக் குறிக்கும் சொல். நியூ மெக்ஸிகோ கொடியின் சூரியச் சின்னம் ஸியா பூர்வகுடி மக்களின் புனிதக் குறியீடு; அதைக் காபிக் கோப்பையில் அடித்து விற்பது சட்டப்படி முடிந்தாலும் நெஞ்சுக்கு ஒப்பாது. விளையாட்டு அணிகள், கடைகளின் இலச்சினைகளை எடுத்தாளக் கூடாது. வணிகச் சின்ன வழக்கு வரும்.

நிகழ்ச்சியை இப்படி அமைக்கலாம். 8 மேசை, மேசைக்கு 6 பேர், மொத்தம் 48. நபருக்கு 35 டாலர் என்றால் 1,680 டாலர். நான்கு சுற்று, சுற்றுக்கு 8 கேள்வி, கால் மணி நேரம். 8 கேள்வியில் இரண்டு எல்லோருக்கும் தெரிந்தவை, நான்கு மேசை கூடிப் பேசினால் கிடைப்பவை, இரண்டு கடினமானவை. எல்லாம் கடினமாக இருந்தால் ஜனங்கள் கைபேசியை எடுப்பார்கள். அப்புறம் அது வினாடி வினா இல்லை. வேட்பாளர் இரண்டாம் சுற்றுக்குப் பின் நான்கு நிமிடம் பேசட்டும், அதற்கு மேல் வேண்டாம். கூடுதல் நன்கொடைக்கான வேண்டுகோளை மூன்றாம் சுற்று முடிந்து மதிப்பெண் அறிவிக்கும் முன் வையுங்கள், ஏனென்றால் அப்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள். முடிவு சொன்ன பிறகு கேட்டால் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் இருப்பார்கள். மேசை மேல் க்யூஆர் அட்டை வைத்து, தொகைகளை அந்த ஊர்த் தொலைபேசிக் குறியீட்டில் போடுவது நல்ல உத்தி: குறியீடு 412 ஆன பிட்ஸ்பர்க்குக்கு 41.20, 570 ஆன ஸ்க்ரான்டனுக்கு 57 டாலர் என்று. பெருமையும் ஆச்சு, மேசை அட்டை வழியாக எவ்வளவு பணம் வந்தது என்பதும் கணக்கில் தனியாகத் தெரியும்.

இனிச் சட்டம். ஃபெடரல் பதவி என்றால் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் விதிகள். டிக்கெட் விலை முழுவதும் நன்கொடை. சாப்பாட்டுச் செலவைக் கழித்துச் சொல்லக்கூடாது. தொப்பி, ஸ்டிக்கர், கோப்பைக்கும் அதே விதி: 40 டாலர் தொப்பி வாங்கினால் 40 டாலரும் நன்கொடைக் கணக்கில் ஏறும். 2025-26 தேர்தல் சுழற்சியில் ஒரு நபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தரலாம்; உட்கட்சித் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி. ரொக்கம் 100 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. 50 டாலரைத் தாண்டினால் பெயரும் முகவரியும் பதிய வேண்டும். ஒரு சுழற்சியில் ஒருவரின் மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் வேலையும் வேலை தரும் நிறுவனமும் சேர்த்து அறிக்கையில் வரும்.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். மேசைத் தலைவர் ஒருவர் 'நான் ஆறு பேருக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்' என்று 210 டாலர் கொடுப்பார், பிறகு நண்பர்களிடம் 35 டாலராக வாங்கிக்கொள்வார். பதிவில் 210 டாலரும் அவர் பெயரில் நிற்கும், 200-ஐத் தாண்டியும்விடும். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் தருவது சட்டமீறல். ஆறு பேரும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். தலைவர் உண்மையிலேயே தன் கையிலிருந்து தருகிறார் என்றால், 210-ம் அவருடையது என்று எழுதிவிடுங்கள்.

வீட்டில் நடத்தினால் ஒரு சலுகை உண்டு. வீட்டுக்காரர் தன் சொந்தப் பணத்தில் உணவு, பானம், அழைப்பிதழுக்கு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை செலவிட்டால் அது நன்கொடையாகக் கருதப்படாது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 1,000. ஆனால் உணவகத்துக்காரர் நிறுவனத்தின் பேரில் இலவசமாகச் சாப்பாடு அனுப்பினால் அது நிறுவன நன்கொடை, தடை. ஜனநாயகக் கட்சியினரின் இணைய நன்கொடைத் தளமான ஆக்ட்ப்ளூ வழியாக வாங்கினால் 3.95 சதவீதம் கட்டணம். 1,680-இல் 66 டாலர் சொச்சம் போய்விடும்.

பரிசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வினாடி வினாவில் வென்றவருக்குப் பரிசு தருவது திறமைக்கான பரிசு. டிக்கெட் எண்ணைக் குலுக்கிப் பரிசு தந்தால் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 'வேட்பாளருடன் இரவு உணவு' என்ற மின்னஞ்சல் குலுக்கல்களில் 'பணம் தராமலும் பங்கேற்கலாம்' என்ற வரி இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த வரி இல்லாத குலுக்கலை வைக்காதீர்கள்.

கடைசியாக, தமிழர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே பணம் தரலாம். எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் தரக்கூடாது. பல ஆண்டுகளாக அங்கே வரி கட்டுகிறவர் என்றாலும் கூடாது. கவர்னர் தேர்தல், நகர மன்றத் தேர்தல் எல்லாவற்றுக்கும் இந்தத் தடை பொருந்தும். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகமான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை செய்தார்கள், பேனர் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆசையாக அவருடைய பிரச்சாரக் குழுவின் தொப்பி ஒன்று வாங்கியிருந்தால்கூட அது சட்டவிரோத நன்கொடை. வினாடி வினா இரவுக்கு வரும் எச்-1பி நண்பர் ஊதியமில்லாமல் நாற்காலி போடலாம், மதிப்பெண் எழுதலாம். டிக்கெட் வாங்கக்கூடாது, நிதி பற்றிய முடிவுகளிலும் கலந்துகொள்ளக்கூடாது. வாசலில் பெயர் எழுதும் அட்டையிலேயே 'நான் குடிமகன் அல்லது நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர், இது என் சொந்தப் பணம்' என்ற இரண்டு வரியை அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அன்றிரவு கையில் சேர்ந்த நன்கொடைகள் எல்லாம் 10 நாளுக்குள் குழுவின் பொருளாளர் கைக்குப் போக வேண்டும். காசோலைகளை அட்டைகளோடு சேர்த்துக் கிளிப் போட்டு, மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.